ஆட்சிமன்றத்தின் மேசைக்கு வராத ஆறு

பிரத்யேகப் பொருளாதார மண்டலத்தில் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசின் விதிகள் 2025 நவம்பர் 4ஆம் தேதி அறிவிக்கப்பட்டன. இந்த இதழ் ஏன் இன்னும் வாய் திறக்கவில்லை என்று வாசகர்கள் கேட்கிறார்கள். கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

நிலைப்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். விதிகளை ஆதரிக்கிறோம். இரட்டைமடிக்கும் எல்.இ.டி. விளக்குக்கும் மண்டலம் முழுக்கத் தடை என்பது நாட்டுப்படகுக்காரர்கள் பல காலமாகத் தொண்டை வற்றக் கேட்டுவந்தது. விசைப்படகுக்கும் பெரிய இயந்திரப் படகுக்கும் ஆக்சஸ் பாஸ் கட்டாயம், சிறுதொழில் செய்கிறவருக்கு விலக்கு என்ற பிரிவினையும் சரியானது. கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை என்பது எழுத்தில் நன்றாக இருக்கிறது. ஆனால் தாய்க்கப்பல் ஏற்பாட்டில் சங்கத்தின் பெயரைப் போட்டுக்கொண்டு வெளியிலிருந்து யார் பணம் போடுகிறார்கள் என்பதை மாவட்ட அலுவலர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். தூத்தூர்ப் பகுதி ஆழ்கடல் படகுகள் மண்டல எல்லையையும் தாண்டித் தொழில் செய்கிறவை. அவற்றின் பாடு தனி, அதைத் தனியே எழுதுவோம்.

தாமதத்துக்குக் காரணம் வேறு. மண்டலத்துக்குள் நம் படகு பிடிப்பது இந்திய மீன் என்று விதிகள் கொள்கின்றன. சுங்கக் கணக்குக்கு அது போதும், இருப்பு மதிப்பீட்டுக்குப் போதாது. மன்னார் வளைகுடாவில் இந்தியாவும் இலங்கையும் 1976இல் எல்லைக் கோடு போட்டுக்கொண்டன. சீலாவுக்கும் சூரைக்கும் அந்தக் கோடு தெரியாது. கோட்டுக்கு இந்தப் பக்கம் மட்டும் மேலாண்மைத் திட்டம் எழுதினால் அது பாதித் திட்டம். மீதிப் பாதியை எழுத வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அது ஜெனிவாவிலோ ரோமிலோ இல்லை; சென்னை அபிராமபுரத்தில், செயின்ட் மேரிஸ் சாலையில் இருக்கிறது.

அங்கே இருப்பது பி.ஓ.பி.பி. எனப்படும் வங்காள விரிகுடாத் திட்ட அமைப்பு. பி.ஓ.பி.பி. என்றால் நம்மில் மூத்தவர்களுக்கு 1979இல் தொடங்கிய எஃப்.ஏ.ஓ. திட்டம்தான் நினைவுக்கு வரும். ஸ்வீடனும் டென்மார்க்கும் கொடுத்த பணம், கரையில் ஏற்றி இறக்கும் படகுகளைப் பற்றிய பரிசோதனைகள், கண்ணாடி இழைப் படகு, ‘பே ஆஃப் பெங்கால் நியூஸ்’ இதழ். இன்று விரிவாக்கப் பணியில் நாம் சாதாரணமாகச் செய்கிற பலவற்றுக்கு வேர் அங்கே இருக்கிறது. அந்தத் திட்டத்தில் ஏழு நாடுகள் இருந்தன. திட்டக் காலம் முடிந்து, நன்கொடை நின்று, அரசுகளே சந்தா கட்டி நடத்தும் அமைப்பாக அது மாறியபோது எஞ்சியது நான்கு. வங்கதேசம், இந்தியா, இலங்கை மூன்றும் 2003 ஏப்ரல் 26இல் சென்னையில் கையெழுத்திட்டன. மாலத்தீவு அடுத்த மாதம் சேர்ந்தது. இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து உறுப்பினராக வரவில்லை. மியான்மர் பழைய திட்டத்திலும் இல்லை, புதிய அமைப்பிலும் உறுப்பினராக இல்லை. இந்த நாடுகள் ஒத்துழைக்கும் தரப்பு என்ற அளவில் நிற்கின்றன. ஆக, வங்கக் கடலின் பெயரைத் தாங்கிய அமைப்பில் அக்கடலின் கீழைக்கரை கிடையாது.

அமைப்பின் கட்டுமானம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மேலே ஆட்சிமன்றம், நடுவில் ஆராய்ச்சி நிறுவனங்களின் ஆட்கள் உட்காரும் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு, கீழே இயக்குநரும் செயலகமும். தலைமை நாடு நாடாகச் சுற்றும். 2025 பிப்ரவரியில் மாலேயில் கூடிய 13ஆவது ஆட்சிமன்றத்தில் அது வங்கதேசத்திடமிருந்து இந்தியாவுக்கு வந்தது. இதைத்தான் நான் இந்தக் கட்டுரையில் பிடித்துக்கொள்ள விரும்புகிறேன். ஒரே ஆண்டில் தலைமையும் நம்மிடம் வந்தது, மண்டல விதிகளும் நம்மிடமிருந்து வந்தன. விதியை எழுதிய அமைச்சகமும் மன்றத்தில் தலைமை தாங்கும் அமைச்சகமும் ஒன்றே. இந்தச் சேர்க்கை அடிக்கடி வாய்ப்பதில்லை.

ஆனால் மன்றத்தின் கையில் என்ன இருக்கிறது? ஆலோசனை இருக்கிறது, ஆணை இல்லை. இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். சீஷெல்சின் விக்டோரியாவில் இருக்கும் அந்த ஆணையம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் தீர்மானம் போட்டால் அது உறுப்பு நாடுகளைக் கட்டும். பிடிக்காத நாடு 120 நாளுக்குள் ஆட்சேபணை எழுதி விலகிக்கொள்ளலாம். மஞ்சள்துடுப்புச் சூரை விவகாரத்தில் இந்தியா அந்த வழியில் போயிருக்கிறது. பி.ஓ.பி.பி.யின் நான்கு நாடுகளும் அங்கேயும் உறுப்பினர்கள். விக்டோரியாவில் ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுப் பேசும் அரசுகள் சென்னையில் தாராளமாகத் தலையசைப்பதற்குக் காரணம், சென்னையில் அசைத்த தலைக்கு மறுநாள் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள் என்பதே.

அதற்காக மன்றத்துக்கு ஆணை அதிகாரம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நான்கு நாடுகளுக்குள் ஆணை என்று வந்தால் பேச்சே நின்றுபோகும். பேச்சால் நடப்பதும் உண்டு. வங்கதேசத்தின் கடல் தடைக்காலம் மே 20 முதல் ஜூலை 23 வரை 65 நாள் இருந்தது. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். நம் தடை முடிந்து படகு இறங்கும்போது அவர்கள் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் மீனை அயல்நாட்டுப் படகு வாரிக்கொண்டு போவதாகக் குமுறினார்கள். 2025இல் டாக்கா தன் தடையை ஏப்ரல் 15 முதல் ஜூன் 11 வரை என்று மாற்றிக்கொண்டது. அது அவர்களாக எடுத்த முடிவு, எந்த மன்றமும் கட்டளையிடவில்லை. பக்கத்து நாட்டு அட்டவணையைப் பார்த்து இன்னொரு நாடு தன் அட்டவணையைத் திருத்த முடியும் என்பதற்கு இது நிரூபணம். மன்னார் வளைகுடாவில் இலங்கையோடு இப்படி ஒரு பொருத்தம் இன்றுவரை இல்லை. பாக் நீரிணைச் சிக்கலோ இரு நாட்டு வெளியுறவுத் துறையும் மீன்வளத் துறையும் சேர்ந்த கூட்டுப் பணிக்குழுவுக்குப் போய்விட்டது. இரு நாடும் உறுப்பினராக இருக்கும் மீன்வள அமைப்பு சென்னையிலேயே இருக்க, அதைக் கேட்காமல் மீனைப் பற்றி ராஜதந்திரிகள் பேசுகிறார்கள்.

இன்னொன்று. மன்றத்தில் உட்காருவது தேசிய அரசு. தமிழ்நாடு என்ற பெயருக்கு அங்கே நாற்காலி கிடையாது. அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மீன்வளம் மாநிலப் பட்டியலின் 21ஆம் இனம். பிராந்திய நீருக்கு அப்பால் உள்ள மீன்பிடிப்பு மட்டுமே ஒன்றியப் பட்டியலின் 57. பன்னிரண்டு கடல் மைலுக்குள் 1983ஆம் ஆண்டு மாநிலச் சட்டம், அதற்கு அப்பால் 1976ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். முட்டையிடுகிற, குஞ்சு வளர்கிற நீர் பெரும்பாலும் மாநிலத்தின் கையில். மன்றத்தில் கையெழுத்துப் போடுகிறவர் கையிலோ வளர்ந்த மீன் மட்டும்.

இங்கிருந்து நான் சொல்லப்போவது இந்த இதழின் பழைய வாசகர்களுக்குப் புதிதல்ல. விக்கிரமசிங்கபுரத்தில் உட்கார்ந்துகொண்டு கடல் அமைப்புகளைப் பற்றி ஏன் எழுதுகிறாய் என்று கேட்டவர்கள் உண்டு. இங்கே உட்கார்ந்திருப்பதால்தான் எழுதுகிறேன். பொதிகையிலிருந்து இறங்கும் தாமிரபரணி எங்கள் ஊர் வாசலில் பாபநாசத்தில் சமவெளிக்கு வருகிறது. அந்த வீழ்ச்சியை நம்பித்தான் ஹார்வி ஆலை இங்கே வந்தது, 1940களில் மின்நிலையமும் வந்தது. கீழே போகப்போகக் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அதற்கப்பால் புன்னக்காயல், மன்னார் வளைகுடா. எங்கள் படித்துறையிலிருந்து கழிமுகம் வரை 130 கிலோமீட்டர்கூட இல்லை. மாலேயில் கூடிய மன்றத்தின் கவலைக்கு உட்பட்ட கடல் அங்கே தொடங்குகிறது. எங்கள் ஆறோ எவர் கவலைக்கும் உட்படாமல் அங்கே முடிகிறது.

விலாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பாபநாசம் கோயில் படித்துறையில் பொரி போட்டால் மொய்க்கிற மீன்களைப் பார்க்க ஊரே வரும். விலாங்கு அந்தக் கூட்டத்தில் சேராது. பாறை இடுக்கிலும் கசத்தின் அடியிலும் கிடந்து, இரவில் மேயும். கையில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். பாம்பென்று பயந்து எறிகிறவருக்குச் செவுளுக்குப் பின்னாலுள்ள சிறு துடுப்பைக் காட்டித்தான் புரியவைக்க வேண்டும். இது ஆற்றில் ஆண்டுக்கணக்கில் வளர்ந்து, முதிர்ந்தபின் நிறம் மாறி, இரையை விட்டு, வெள்ளத்தோடு இறங்கிக் கடலுக்குப் போகும். ஆழ்கடலில் ஒரே ஒரு தடவை முட்டையிட்டுச் செத்துப்போகும். குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து கழிமுகம் சேர்ந்து, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடம்போடு ஆறேறும்.

இந்த மீன் யாருடைய பொறுப்பு? கசத்தில் கிடக்கும்போது மாநில உள்நாட்டு மீன்வளம். அணைக்கட்டைத் தாண்டும்போது நீர்வளத் துறை. பன்னிரண்டு மைலுக்குள் 1983ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கப்பால் இப்போது வந்த மண்டல விதிகள். இருநூறு மைல் தாண்டினால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நீர். ஓர் உயிரின் ஒரே பயணத்தில் இத்தனை அதிகாரம் குறுக்கிடுகிறது. ஒன்றுக்கும் மற்றதன் எல்லையில் என்ன நடக்கிறது என்று தெரியாது. நம் நீர்களில் உள்ள பெங்காலென்சிஸ், பைகலர் என்ற இரு விலாங்கு இனங்களையும் ஐ.யு.சி.என். அச்சுறுத்தலை நெருங்கியவை என்று வைத்திருக்கிறது. சமர்கண்டில் 2025 இறுதியில் கூடிய சைட்டிஸ் மாநாட்டில் விலாங்கு இனங்கள் அனைத்தையும் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்க்கும் முன்மொழிவு வந்து தோற்றது. வியாபாரக் கட்டுப்பாடு கைகூடவில்லை என்றால் வாழிடத்தையாவது பார்க்க வேண்டாமா?

அணைக்கட்டு எல்லாமே விலாங்குக்கு எமன் என்று நான் சொல்லவில்லை. பழைய கல் அணைக்கட்டில் கசிவு இருக்கும், பாசி இருக்கும். வடகிழக்குப் பருவத்தில் ராத்திரி வேளையில் அந்த ஈரக் கல்லில் வயிற்றை ஒட்டிக்கொண்டு விரல் நீளக் குஞ்சுகள் மேலேறுவதை நான் பார்த்திருக்கிறேன். கசிவை அடைத்து, முகப்பைச் சிமெண்டால் வழவழவென்று பூசினால் அந்த ஏற்றம் நின்றுபோகும். அப்படி ஓர் அணைக்கட்டில் பராமரிப்பு நடந்தபோது, ஓர் ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்குப் பூசாமல் விடுங்கள், அல்லது சொரசொரப்பான ஈரச் சரிவு ஒன்று வையுங்கள் என்று எழுதிக் கேட்டேன். மீன் சம்பந்தப்பட்டது, மீன்வளத்தைக் கேளுங்கள் என்று ஓர் அலுவலகம் பதில் போட்டது. கட்டுமானம் சம்பந்தப்பட்டது, அங்கேயே கேளுங்கள் என்று இன்னொரு அலுவலகம் பதில் போட்டது. பூச்சு வேலை முடிந்துவிட்டது. ஐரோப்பிய ஆறுகளில் இதற்கென்றே தூரிகை நார் பதித்த சரிவுகள் வைக்கிறார்கள். தென்னைநார்ப் பாய் விரித்துத் தண்ணீரைக் கசியவிட்டாலே நம் ஊருக்குப் போதும் என்பது என் கணிப்பு. செலவு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. செய்ய ஆளில்லை என்பதைவிட, இது யார் வேலை என்று எழுதிவைத்த தாள் எங்கேயும் இல்லை.

விலாங்கு ஓர் அடையாளம் மட்டுமே. வெள்ளை இறால் குஞ்சு வளர உவர்நீர் வேண்டும். மடவையும் கொடுவாவும் கழிமுகத்தை நம்பியவை. கழிமுகம் கழிமுகமாக இருக்க நன்னீர் வந்து சேர வேண்டும். நம் ஆற்றுக் கணக்கில் கார் சாகுபடிக்குப் பங்கு உண்டு, பிசானத்துக்கு உண்டு, குடிநீருக்கு உண்டு, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தொழிற்சாலைகளுக்கு 20 எம்.ஜி.டி. உண்டு. கழிமுகத்துக்கென்று ஒரு கன அடிகூட எழுதிவைக்கவில்லை. பாபநாசம் அணை 143 அடி நிரம்பி, மணிமுத்தாறும் நிரம்பி, இனிப் பிடித்துவைக்க இடமில்லை என்றால்தான் புன்னக்காயலுக்குத் தண்ணீர். கடலுக்குப் போவது வீண் என்று ஆட்சியில் இருப்பவரும் சொல்கிறார், எதிரில் இருப்பவரும் சொல்கிறார். உபரியைக் கருமேனியாற்றுக்கும் நம்பியாற்றுக்கும் கொண்டுபோகும் வெள்ளநீர்க் கால்வாயை நான் எதிர்க்கவில்லை. சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்து வறட்சி எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் திட்டத்தைப் பேசிய மேடைகளில் புன்னக்காயலின் இறால்காரருக்கு எவ்வளவு மிச்சம் என்று கேட்ட ஒரு குரலை நான் கேட்டதில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டி ஆறு கரையை உடைத்துக்கொண்டு கடலில் விழுந்தது. ஆண்டெல்லாம் பட்டினி போட்டு ஒரே நாளில் மூழ்கடிப்பதைக் கழிமுகத்துக்கான நீர் என்று கணக்கில் எழுத முடியாது.

இதெல்லாம் உள்நாட்டு நீர் மேலாண்மை, கடல் மீன்வள அமைப்புக்கு இதில் என்ன வேலை என்று தொழில்நுட்பக் குழுவின் நண்பர் எவரும் கேட்கலாம். கடல் மீனுக்காக ஆற்றுக்குள் போன பிராந்திய அமைப்பு உலகத்தில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் போட்ட விலாங்கு ஒழுங்குமுறை, மனிதத் தலையீடு இல்லாதிருந்தால் கடலுக்கு இறங்கியிருக்கும் முதிர்ந்த விலாங்கில் 40 விழுக்காடாவது இறங்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. அதற்கு உறுப்பு நாடுகள் ஆற்றுப்படுகை வாரியாகத் திட்டம் கொடுக்க வேண்டியிருந்தது. நம் கடலிலேயே இல்லிஷா உண்டு. 1975இல் ஃபரக்கா தடுப்பணை வந்தபின் கங்கையின் மேற்பகுதியில் இல்லிஷா அற்றுப்போனதைப் பற்றி இரண்டு வங்கங்களும் பேசாத கூட்டமில்லை. வங்கக் கடல் பெருஞ்சூழல் திட்டத்தில் வங்கதேசம், இந்தியா, மியான்மர் மூன்றும் இல்லிஷாவைப் பங்கு மீன் என்று ஏற்று ஆற்றையும் சேர்த்தே பேசின. பத்மாவுக்கு ஒரு நீதி, பொருநைக்கு ஒரு நீதியா? இல்லிஷாவுக்குக் கொல்கத்தாவிலும் டாக்காவிலும் கேட்க வாய் இருக்கிறது. விலாங்கை விரும்பித் தின்கிறவர் தென்பாண்டியில் கொஞ்சம்பேர். அவர்களுக்கு மாலேயில் பேச ஆளில்லை. இந்த ஓரவஞ்சனை இயற்கை போட்டதல்ல, நிகழ்ச்சி நிரல் எழுதுகிறவர்கள் போட்டது.

ஆகவே விதிகளை ஆதரிக்கும் இந்த இதழ், தலைமை நம் கையில் இருக்கும்போதே மத்திய மீன்வளத் துறையிடம் கேட்பது இது. விதிகளின்படி எழுதப்படும் மேலாண்மைத் திட்டங்களில் மன்னார் வளைகுடாவுக்கான வரைவைத் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவின் மேசையில் இலங்கைத் தரப்போடு சேர்ந்து வையுங்கள். அந்தக் குழுவில் நம் பக்கத்திலிருந்து கடல் ஆராய்ச்சி நிறுவனங்கள் மட்டும் போனால் போதாது. பாரக்பூரில் 1947 முதல் உள்நாட்டு மீன்வளத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் சிஃப்ரியையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடலோர மாநிலங்களின் மீன்வள ஆணையர்களை, சுற்று முறையிலாவது, ஆட்சிமன்றத்துக்குப் போகும் குழுவில் உறுப்பினராக்குங்கள். பார்வையாளர் வரிசை வேண்டாம். ஆறும் கடலும் மாறிவாழும் மீன்கள் என்ற தலைப்பை நிரந்தர நிகழ்ச்சி நிரலில் சேர்க்க ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டியதில்லை, ஒரு தீர்மானம் போதும் என்றே நான் நினைக்கிறேன். முதல் முயற்சிக்கு இரண்டு ஆறுகளைச் சொல்கிறேன்: இங்கே தாமிரபரணி, அங்கே மன்னாருக்குத் தெற்கே அதே வளைகுடாவில் விழும் அருவியாறு. இரண்டும் குளப்பாசனத்தில் வளர்ந்த ஆறுகள், இரண்டிலும் குறுக்கே பழைய கட்டுமானங்கள் உண்டு. யாழ்ப்பாணத்திலும் தூத்துக்குடியிலும் மீன்வளம் படித்தவர்கள் இருக்கிறார்கள், ஒரே மொழியில் குறிப்பெடுப்பார்கள். இரு நாட்டு மீனவரும் வலையை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டும் கடலில், சண்டையில்லாமல் சேர்ந்து எண்ணத்தக்க ஒரு மீன் இது.

மாநில அரசிடம் கேட்க ஒன்றுதான் உண்டு. எட்டு அணைக்கட்டிலும் இனி எந்தப் பராமரிப்பு மதிப்பீடு தயாரானாலும் அது உள்நாட்டு மீன்வள உதவி இயக்குநரின் கையெழுத்துக்கு வந்துபோகட்டும்.

மேசையில் வைக்கத் தரவு வேண்டும், அதைச் சேர்க்கும் வேலை நம்முடையது. வருகிற வடகிழக்குப் பருவத்தில் அணைக்கட்டுப் பக்கம் பணியில் இருக்கும் வாசகர்கள் விலாங்குக் குஞ்சு ஏறுவதைப் பார்த்தால் தேதி, நேரம், அணைக்கட்டின் எந்தக் கரை, மதகு திறந்திருந்ததா, குஞ்சின் நீளம் தோராயமாக எவ்வளவு என்று குறித்து அனுப்புங்கள். குத்தகைக் குளங்களில் பெரிய விலாங்கு பிடிபட்டால் எடையும் வயிற்றின் நிறமும் வேண்டும். ஸ்ரீவைகுண்டத்துக்கும் மருதூருக்கும் ஆள் ஒப்புக்கொண்டாகிவிட்டது. சுத்தமல்லிக்கும் பழவூருக்கும் இன்னும் ஒருவரும் பெயர் தரவில்லை.